அலைவரிசை யார் அப்பன் வீட்டுச் சொத்து?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் மீனவக் குடும்பங்கள் அன்றாட வேலையில் இருந்தன. அந்த நேரத்தில் கடலுக்கு அப்பால் கார் நிகோபார் தீவின் விமானப்படைத் தளத்திலிருந்து வயர்லெஸ்ஸில் கடைசிச் செய்தி வந்தது: தீவு மூழ்குகிறது, எங்கே பார்த்தாலும் தண்ணீர். எட்டு மணி அடிக்கும் முன்பே இது விமானப்படையின் காதில் விழுந்துவிட்டது. நாம் கட்டிச் சொல்லும் கதையல்ல இது. அன்றைய விமானப்படைத் தலைமைத் தளபதி எஸ். கிருஷ்ணசாமியே பத்திரிகைக்குச் சொன்ன விவரம். தமிழகக் கரையில் அலை மோதியது அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து. இடையில் வானிலைத் துறை டில்லிக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பியது. அதுவும் பதவியை விட்டுப் போய்விட்ட பழைய மந்திரியின் பெயருக்குப் போய்ச் சேர்ந்தது! நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கும் கனவான்கள் உண்டு. கடற்கரைக் குப்பத்தில் ஒரு நாளாவது வாழ்ந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். கிழவியைத் தோளில் தூக்கிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓட அரை மணி போதும். அலை வந்தது இயற்கை. சர்க்காரின் ஒரு காதுக்குத் தெரிந்த செய்தி குப்பத்துக்குத் தெரியாமல் போனதற்கு இயற்கை பொறுப்பாகாது.

தோழர்களே, தாய்மார்களே! இருபது ஆண்டுக்கு மேல் ஆன துக்கத்தை இப்போது ஏன் கிளறுகிறோம் என்றால், அதே காது இப்போது இன்னும் இறுக்கமாக மூடப்பட்டு வருகிறது. போலீஸ், தீயணைப்பு, மாநகராட்சி, நீர்ப்பாசனம் என்று சர்க்கார் இலாகாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் பேச்சைச் சங்கேதப் பூட்டுப் போட்டு மூடுவது உலகெங்கும் வழக்கமாகி வருகிறது. நம் நாட்டில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக டில்லியில் டெட்ரா என்ற டிஜிட்டல் வலையமைப்பு வந்தது. மற்ற ஊர்களிலும் பழைய செட்டுகள் போய் டிஜிட்டல் செட்டுகள் வருகின்றன.

பழைய செட்டில் போலீஸ்காரர் பேசினால் அந்தக் குரல் அலையாகவே போகும். அதே அலைவரிசைக்குத் திருப்பத் தெரிந்தவர் கேட்டுவிடலாம். பம்பாயிலும் மற்ற நகரங்களிலும் குற்றச் செய்தி எழுதும் நிருபர்கள் இப்படித்தான் எங்கே தீ, எங்கே அடிதடி என்று அறிந்து ஓடினார்கள். புதிய செட்டில் குரல் எண்களாக மாறி, ஒரு சாவியோடு கலந்து குழம்பி வெளியே வருகிறது. அந்தச் சாவி உள்ள செட்டில் மட்டும் அது மறுபடி குரலாகும். மற்றவர்க்கு வெறும் இரைச்சல். தொழில்நுட்பம் என்ற முறையில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் கேள்வி, சாவி யார் கையில் என்பது மட்டுமே.

மகாராஷ்டிர மாநிலப் போலீஸ் வயர்லெஸ் துறையின் தலைமையகம் வேறெங்கோ இல்லை. நம் புனேயில், பாஷாண் ரோட்டில் இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறோம்.

அலைவரிசை யாருடையது? வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே தபாலாபீசில் வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கவேண்டும். வெள்ளைக்காரன் 1885-ல் தந்திச் சட்டமும் 1933-ல் வயர்லெஸ் சட்டமும் போட்டான். காற்றில் போகும் அலை சர்க்காரின் சொத்து, அதைக் கேட்பது சர்க்கார் போடும் பிச்சை என்பது அந்தச் சட்டங்களின் மனசு. 1980களில் ரேடியோ லைசென்ஸ் ஒழிந்தது, மனசு ஒழியவில்லை. 1995 பிப்ரவரி 9 அன்று சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: அலைவரிசை பொதுமக்களின் சொத்து, மக்கள் நன்மைக்காகவே அதைக் கையாளவேண்டும் என்று. தீர்ப்பு எழுதியவர்களில் முதன்மையானவர் நீதிபதி பி. பி. சாவந்த். ஓய்வுக்குப்பின் இதே புனேயில் வாழ்ந்து, 2021-ல் இங்கேயே மறைந்தவர். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். அந்த வழக்கு போலீஸ் வயர்லெஸ் பற்றியதல்ல. 1993 ஹீரோ கோப்பைக் கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்ற தகராறு. பரவாயில்லை. கிரிக்கெட்டுக்காகப் பொதுச் சொத்து ஆன அலை, வெள்ளத்துக்கும் கலவரத்துக்கும் மட்டும் சர்க்காரின் தனிச் சொத்தாகிவிடுமா?

2023-ல் நாடாளுமன்றம் பழைய இரண்டு சட்டங்களுக்கும் பதிலாகப் புதிய டெலிகம்யூனிகேஷன் சட்டத்தை நிறைவேற்றியது. பொது அவசரம், நாட்டுப் பாதுகாப்பு என்று காரணம் எழுதிவிட்டால் சர்க்கார் நம் பேச்சை ஒட்டுக்கேட்கலாம். ஆனால் அனுமதியில்லாமல் ஒரு செய்தியை இடைமறிக்கும் ஆளுக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காண்டிராக்டரிடம் நாள் கூலி வாங்கும் ஆளுக்கு இரண்டு கோடி! நம் வீட்டுச் சுவருக்கு அவர்களின் காது. அவர்கள் வீட்டுச் சுவருக்கு நம் காது வந்தால் ஜெயில்.

கேட்பதால் என்ன பயன் என்று நினைப்பவர்கள் 1993 ஜனவரியை நினைத்துப் பார்க்கட்டும். பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் டிசம்பரில் ஒரு சுற்று, ஜனவரியில் ஒரு சுற்று, பம்பாய் எரிந்தது. ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கில் செத்தவர்கள் 900 பேர். அவர்களில் முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து அடுத்தடுத்த குடிசையில் வாழ்ந்த நம் சனங்களையே அந்தத் தீ இந்து என்றும் முஸ்லிம் என்றும் பிரித்தது. அந்த நாட்களில் போலீஸ் வயர்லெஸ்ஸில் பூட்டு இல்லை. கண்ட்ரோல் ரூமும் தெருவில் நின்ற வண்டிகளும் பேசிக்கொண்டது வெளியாட்களின் செட்டிலும் விழுந்தது. உதவி கேட்டுக் கதறியவர்களைப் பற்றிக் காக்கிச் சட்டைக்குள்ளிருந்து என்ன வார்த்தைகள் வந்தன என்பது பதிவானது. பத்திரிகையாளர் தீஸ்தா செதல்வாட் அதை வெளிக்கொண்டு வந்தார். கமிஷன் முன்பும் அது சாட்சியமாகப் போனது. போலீஸ் படையில், அதிலும் கீழ்மட்டத்தில், முஸ்லிம்களுக்கு எதிரான சாய்வு ஊறியிருந்தது என்று கமிஷன் எழுதியது.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். கூரை எரிந்தவன் போலீஸ் வேடிக்கை பார்த்தது என்று ஆயிரம் தடவை சொல்லட்டும். ஒரு இன்ஸ்பெக்டர் மறுத்தால் போதும், முடிந்தது கதை. அன்று அம்பலம் ஏறியது போலீஸின் சொந்தக் குரல். அதனால்தான் மறுக்கக் கடினமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, 1996 ஜனவரியில் அன்றைய மாநில அரசு கமிஷனையே கலைத்துப் பார்த்தது. மே மாதம் திரும்ப உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. 1998 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. இன்றைய பூட்டு அன்று இருந்திருந்தால் அந்தச் சாட்சியம் பிறந்தே இருக்காது.

முஸ்லிம்களுக்கு நடந்தது நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. 1966-க்குப் பிறகு அதே பம்பாயில் 'மதராசி' என்று விரட்டப்பட்டவர்கள் யார்? ஓட்டல் கண்ணாடி உடைபட்டவர்கள் யார்? பிழைக்க வந்த ஊரில் கூட்டம் திரண்டு வந்தால் நமக்குள்ள ஒரே காவல் போலீஸ்தான். அந்தப் போலீஸ் அந்த நேரத்தில் தனக்குள் என்ன பேசியது என்பது பிறகாவது தெரியவேண்டும் என்ற அக்கறை உள்ளூர்க்காரரைவிட நமக்கே அதிகம் இருக்கவேண்டும்.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் பார்ப்போம். அது வெறும் வாதமல்ல. 2008 நவம்பர் 26 தாக்குதலின்போது டி.வி.யில் நேரடிக் காட்சியைப் பார்த்துக்கொண்டே பாகிஸ்தானில் இருந்தவர்கள் கொலைகாரர்களுக்குப் போனில் வழி சொன்னார்கள். 2012-ல் கசாப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் டி.வி. நிறுவனங்களைக் கடுமையாகக் கண்டித்தது. நம் ஊரிலேயே 2010 பிப்ரவரி 13 அன்று ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து 17 பேர் மாண்டார்கள். துப்பாக்கியோடு நிற்பவனைச் சுற்றி வளைக்கும்போது போலீஸ் எந்தப் பக்கமாக வருகிறது என்று அவன் காதிலேயே ஓத வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. குடித்துவிட்டு அடிக்கும் புருஷன்மேல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரும் வீட்டு நம்பரும் பேட்டை முழுக்க ஒலிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அந்தப் பேச்சைப் பூட்டட்டும். சாவியும் நமக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு வீட்டில் நகைப் பெட்டி இருக்கிறது என்பதற்காகக் கிணற்றுக்கும் பூட்டுப் போடுவதா? அணை திறக்கும் செய்தியில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது? ஆற்று மட்டம் ஏறுவதைக் கேட்டு எந்தப் பயங்கரவாதி லாபமடைவான்?

புனேக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1961 ஜூலை 12 அன்று, வேலை முழுதாக முடியாத பான்ஷேத் மண் அணை உடைந்தது. அந்த வெள்ளத்தைத் தாங்காமல் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. அணை ஆட்டம் கண்டது முந்தின நாளே அதிகாரிகளுக்குத் தெரியும். இரவெல்லாம் ராணுவ ஜவான்கள் மணல் மூட்டை அடுக்கினார்கள். மணல் மூட்டைக்கு ஆள் அனுப்பத் தெரிந்த சர்க்கார், நாராயண் பேட்டையிலும் சனிவார் பேட்டையிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்களிடம் மேட்டுக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு இன்றும் தகராறில் இருக்கிறது. விசாரிக்க வந்த நீதிபதி பாவ்டேகர் வேலை முடியும் முன்பே மாண்டார். பிறகு நீதிபதி நாயக் கமிஷன் வந்தது. வீடிழந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த கோகலே நகரும் லோகமான்ய நகரும் இன்றும் அந்த நாளின் சாட்சியாக நிற்கின்றன.

சரி, அது அந்தக் காலம், போன் இல்லாத காலம் என்பார்கள். 2024 ஜூலை 25 எந்தக் காலம்? அன்று விடியற்காலையில் கடக்வாஸ்லாவிலிருந்து விநாடிக்கு 35,000 கன அடிக்கு மேல் முட்டா ஆற்றில் திறந்துவிட்டார்கள். சிம்மகட் ரோடு ஏக்தா நகரியில் குடியிருந்தவர்கள், தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும் என்றார்கள். நீர்ப்பாசனத் துறை சொன்னோம் என்றது. மாநகராட்சியின் பக்கம் விரல் நீண்டது. அவர்கள் திரும்ப இவர்களைக் காட்டினார்கள். அதே நாள் டெக்கான் பக்கம் புலாச்சி வாடியில் தள்ளுவண்டியை வெள்ளத்திலிருந்து நகர்த்தப் போன மூன்று பேர் மின்சாரம் தாக்கிச் செத்தார்கள். தள்ளுவண்டிக்காரர்கள், தோழர்களே. இதற்கு ஒரு வருடம் முன்பு, 2023-ல், எச்சரிக்கைச் சோதனை என்று எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கிறதா? அலற வைக்கும் கருவி இருக்கிறது. அலற வேண்டிய செய்தியைச் சொல்லும் மனம்தான் இல்லை.

சென்னையில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு 2015 டிசம்பர் 1 இரவு மறந்திருக்காது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி. அடையாற்றுக் கரை முழுக்க இருட்டில் ஓலம். 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை அதை மனிதரால் விளைந்த பேரழிவு என்று எழுதியது. எந்த இலாகா எந்த இலாகாவிடம் எத்தனை மணிக்கு என்ன சொன்னது? பான்ஷேத்திலும் செம்பரம்பாக்கத்திலும் ஏக்தா நகரியிலும் இதே கேள்விதான். பேச்சுப் பதிவு வெளியே வந்தால் ஒரு மணி நேரத்தில் விடை கிடைக்கும். வராதவரை கமிஷன், அறிக்கை, மறுப்பு என்று வருடக்கணக்கில் இழுக்கலாம். பொறுப்பானவர் பென்ஷன் வாங்கும்வரை இழுக்கலாம்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் போலீஸ் வயர்லெஸ்ஸைப் பூட்டியபோது எதிர்ப்புக் கிளம்பியது. பொதுமக்கள் 30 நிமிடம் தாமதமாகக் கேட்கலாம் என்று வைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அதையும் குறைதான் என்கிறார்கள், நியாயமே. கடல் பொங்கும்போது 30 நிமிடம் நீண்ட நேரம். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் 2021-ல் பூட்டி, மக்கள் கேள்வி கேட்டதால் 2022-ல் திரும்பத் திறந்தது. வானம் இடிந்து விழவில்லை. அமெரிக்காவைப் புகழ்வது நம் வேலையல்ல. பூட்டியதைத் திறக்க முடியும் என்பதற்கு ஒரு அத்தாட்சி, அவ்வளவே.

நம் நாட்டிலேயே இன்னொரு அத்தாட்சி இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிபட்டுச் செத்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். பதிவைச் சேர்த்து வைக்க வட்டில் இடம் இருந்தும் அழித்தார்கள்! அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில், எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் குரலும் பதிவாகும் கேமரா வைக்கவேண்டும், பதிவை 18 மாதம் பாதுகாக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. லாக்கப்பில் பேசும் குரலை 18 மாதம் வைக்கலாம் என்றால், வண்டியில் உட்கார்ந்து செட்டில் பேசும் குரலை வைக்க என்ன தடை? பேசுகிறவர் அதே போலீஸ்காரர்தானே!

நாம் கேட்பது இதுதான். அணை, வெள்ளம், தீ, விஷவாயு பற்றிய சர்க்கார் வயர்லெஸ் செய்திக்குப் பூட்டே கூடாது. அது பிறந்த நிமிடமே வெளியே வரவேண்டும். அதுவும் மராத்தியில் மட்டும் போதாது. பாட்டீல் எஸ்டேட், தாடிவாலா ரோடு, போபோடி, தாபோடி போன்ற ஆற்றோரப் பேட்டைகளில், போன மாதம் ஊரிலிருந்து வந்தவருக்கும் புரியும் பாஷைகளில், ஒலிபெருக்கியில் சொல்லவேண்டும். முட்டாவுக்குக் கடக்வாஸ்லா என்றால், முளாவுக்கு முல்ஷியும் பவனாவும் உண்டு. ஆற்றுக்கு ஆறு ஆபத்து வேறு. கலவரம், தடியடி, துப்பாக்கிச் சூடு நடந்த நேரத்துப் போலீஸ் பேச்சு பூட்டியே இருக்கட்டும். ஆனால் பதிவை 18 மாதம் அழிக்கக் கூடாது, பாதிக்கப்பட்டவர் கேட்டால் ஆள் அடையாளங்களை மறைத்துக் கொடுக்கவேண்டும். இதற்கு மந்திரி தயவு வேண்டியதில்லை. 2005 தகவல் உரிமைச் சட்டம் சர்க்கார் தானாகவே தகவலை வெளியிடவேண்டும் என்று நான்காம் பிரிவில் சொல்கிறது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்குத் தரும் 24-ஆம் பிரிவு கூட, மனித உரிமை மீறலும் ஊழலும் அந்த விலக்குக்குள் வராது என்று சொல்கிறது.

ஆகவே இந்த மழைக்காலத்துக்குள் ஆற்றோரம் இருக்கும் ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் ஒரு மனு போகவேண்டும். மாநகராட்சிக்கு ஒன்று, நீர்ப்பாசனத் துறைக்கு ஒன்று. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள கார்டு வைத்திருப்பவர்க்கு அதுவும் வேண்டாம். 2024 ஜூலை 24, 25 தேதிகளில் தண்ணீர் திறக்கும் செய்தி எத்தனை மணிக்கு, எந்த வழியில், எந்தக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனது. அங்கே அதை வாங்கிய பதிவு எங்கே. எங்கள் பேட்டைக்கு எத்தனை மணிக்கு, எந்த மொழியில் சொன்னீர்கள். அந்த வயர்லெஸ் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். மராத்தியில் எழுதித்தர நம் சங்கத்தில் ஞாயிறு மாலையில் ஆள் இருப்பார்கள். மனு கொடுத்த தேதி போட்ட முத்திரை நகலைப் பத்திரமாக வையுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவும் அதே மேசையில் தயாராக இருக்கும்.